சாலையோரப் பலகையில் ஒரு இரும்புக் கப்பல்: வட கரோலினாவின் ‘ஆல்பமார்ல்’

ஓரங்கட்டி
வட கரோலினாவில் ஸ்காட்லண்ட் நெக் என்று ஒரு சின்ன ஊர். அதற்குப் பக்கத்தில் 258 ஆம் எண் நெடுஞ்சாலையோரம் வெள்ளியும் கறுப்புமாக ஒரு வரலாற்றுப் பலகை நிற்கிறது. ‘ஆல்பமார்ல்’ என்ற இரும்புக் கவசப் போர்க்கப்பலை இங்கே பக்கத்தில்தான் கட்டினார்கள், அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1864 ஏப்ரலில், பிளிமத் ஊரைத் திரும்பப் பிடிக்க அது உதவியது என்பதுதான் பலகையின் சாரம். மொத்தமே சில வரிகள். சுற்றிப் பார்த்தால் பருத்தியும் வேர்க்கடலையும் தவிர வேறொன்றும் இல்லை. துறைமுகமா, உலைக்களமா, எதுவும் கண்ணில் படவில்லை. கடல் எங்கோ கிழக்கே கிடக்கிறது. இந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு இரும்புக் கப்பல் கட்டினார்கள் என்றால் எப்படி? சும்மா உள்ளூர்ப் பெருமைக்குப் பலகை நட்டுவிட்டார்களா, இல்லை உண்மையிலேயே சங்கதி இருக்கிறதா? தெரிந்தவர்கள் விரிவாகச் சொல்லுங்கள், நீளமாக இருந்தாலும் படிக்கிறேன்.

நூலகத்துப்பூனை
சங்கதி நிறையவே இருக்கிறது. ரோனோக் ஆற்றின் கரையில் எட்வர்ட்ஸ் ஃபெரி என்ற இடம். பீட்டர் எவன்ஸ் ஸ்மித் என்ற தோட்ட முதலாளியின் நிலம், அதுவும் சோளக்காடு. 1863 ஜனவரியில் அங்கேதான் வேலை தொடங்கியது. ஒப்பந்தம் எடுத்தவர் எலிசபெத் சிட்டியைச் சேர்ந்த கில்பர்ட் எலியட். அப்போது அவருக்கு வயது 19. வரைபடம் போட்டுக் கொடுத்தது, பிரிந்துபோன தெற்கு மாநிலங்களின் கடற்படையில் தலைமைக் கட்டுமானக்காரராக இருந்த ஜான் போர்ட்டர்.

ஏன் சோளக்காடு என்றால், கடற்கரையில் இருந்த நல்ல ஊர்களையெல்லாம் 1862லேயே வடக்குப் படை பிடித்துவிட்டது. நியூ பெர்ன், எலிசபெத் சிட்டி, பிளிமத் எல்லாம் போயாச்சு. மிச்சம் இருந்தது எதிரிப் படகுகள் ஏறி வர முடியாத ஆற்றின் மேல்பகுதி மட்டும்தான். பக்கத்துக் காட்டில் மரத்துக்குப் பஞ்சமில்லை, ஸ்மித்திடம் ஒரு கொல்லன் பட்டறை இருந்தது, ஆற்றோடு போனால் நேரே பிளிமத். பஞ்சம் எல்லாம் இரும்புக்குத்தான். தெற்கில் புதிதாக இரும்பு உருக்க வசதி குறைவு என்பதால் பழைய தண்டவாளங்களைப் பிடுங்கி, ரிச்மண்டில் இருந்த ட்ரெடெகார் ஆலையில் தகடாக அடித்து அனுப்பினார்கள். தண்டவாளத்தைக் கழற்றிக் கொடுக்க ஆளுநர் வான்ஸுக்கு மனமே இல்லை. ரயில் ஓடாவிட்டால் தானியம் எப்படி வரும் என்பது அவர் கவலை, அதிலும் நியாயம் இருந்தது. கப்பலின் தளபதியாக வந்த ஜேம்ஸ் குக் ஊர் ஊராக அலைந்து இரும்பு பொறுக்கினார், அதனால் அவருக்கு ‘இரும்புக்காரக் கேப்டன்’ என்றே பட்டப்பெயர் விழுந்தது.

இன்னொன்று. இரண்டு அங்குலத் தகட்டில் ஒரு ஆணித் துளை போட முதலில் 20 நிமிடம் ஆனதாம். பிறகு திருகு வடிவத்தில் ஒரு துளைப்பானைச் செய்தார்கள், அது 4 நிமிடத்தில் முடித்தது. இதை எலியட்டே போருக்குப் பிறகு எழுதியிருக்கிறார். இரண்டு அடுக்குத் தகடு, மொத்தம் நாலு அங்குலம், அதில் எத்தனை துளை என்று நினைத்துப் பார்த்தால் இந்த 16 நிமிட மிச்சம்தான் கப்பலை நேரத்துக்கு முடிக்க வைத்தது என்று எனக்குப் படுகிறது.

கொதிகலன்
கப்பல் எஞ்சின் அறையில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவன் நான், அதனால் கொஞ்சம் தொழில் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீளம் 158 அடி, அகலம் சுமார் 35 அடி, தண்ணீருக்குள் 9 அடி இறங்கும். அடிப்பாகம் தட்டை. மேலே எட்டுப் பக்கமாகச் சரிந்த ஒரு கவச அறை, அதற்குள் 6.4 அங்குல புரூக் பீரங்கி இரண்டு, முன்னே ஒன்று பின்னே ஒன்று. ஒவ்வொன்றையும் மூன்று வாசல் வழியாகத் திருப்பிச் சுடலாம். ஆக இரண்டு பீரங்கியை வைத்துக்கொண்டு நாலு பக்கமும் பார்த்துக்கொள்ளலாம், கஞ்சத்தனத்திலும் ஒரு கெட்டிக்காரத்தனம். மூக்கில் இடிப்பதற்கென்றே இரும்பு போர்த்திய ஓக் மரக் கொம்பு.

1863 அக்டோபரில் தண்ணீரில் இறக்கி, மிச்ச வேலையை ஆற்றின் மேலே ஹாலிஃபாக்ஸில் முடித்தார்கள். முடித்தார்கள் என்று சொல்வதுகூடத் தாராளம்தான். 1864 ஏப்ரல் 17 அன்று கிளம்பியபோது கொல்லர்களும் தச்சர்களும் கப்பலிலேயே ஏறிக்கொண்டு, கையடக்க உலைகளையும் வைத்துக்கொண்டு, போகிற வழியில் தகடு அடித்தார்கள். வளைந்து வளைந்து ஓடுகிற வெள்ள ஆற்றில் இவ்வளவு கனமான உருப்படியை மூக்கை முன்னே நீட்டி விட்டால் கரையில் போய்ச் செருகிக்கொள்ளும், அதனால் பின்பக்கத்தை முன்னாக வைத்து, மூக்கிலிருந்து சங்கிலியைத் தரையில் இழுத்துக்கொண்டே மிதந்து இறங்கினார்கள். சுக்கான் ஒழுங்காகக் கேட்க வேண்டுமென்றால் கப்பலைவிட நீர் வேகமாகப் போக வேண்டும் அல்லது நீரைவிடக் கப்பல், இரண்டும் ஒரே வேகமென்றால் சுக்கானுக்கு வேலையே இல்லை. சங்கிலி இழுக்கிற தந்திரம் அதற்காகத்தான். வழியில் எஞ்சினும் மக்கர் செய்தது, சுக்கானும் செய்தது, நிறுத்தி நிறுத்திச் சரி பண்ணிக்கொண்டே போனார்கள்.

ஓரங்கட்டி
கொதிகலன் சார், அருமை. பிளிமத்தில் என்ன நடந்தது?

நூலகத்துப்பூனை
பிளிமத்துக்கு மேலே ஆற்றில் வடக்குப் படை தடுப்புகளை மூழ்கடித்து வைத்திருந்தது. அதைத் தாண்ட முடியாது என்று இரவில் கப்பல் நின்றுவிட்டது. எலியட் தூக்கம் வராமல் ஒரு சின்னப் படகில் ஒருசிலரோடு போய், நீளக் கழியை விட்டு ஆழம் பார்த்தார். தடுப்புக்கு மேலே பத்து அடித் தண்ணீர். கப்பலுக்கு வேண்டியது ஒன்பது. அந்த வசந்தத்தில் ஆறு அந்தளவு பெருகியிருந்தது. உடனே திரும்பி வந்து குக்கை எழுப்பி, இருட்டோடு இருட்டாகக் கோட்டைகளின் பீரங்கிகளையும் கடந்துவிட்டார்கள்.

ஏப்ரல் 19 விடியுமுன் ‘மயாமி’, ‘சவுத்ஃபீல்ட்’ என்ற இரண்டு வடக்குக் கப்பல்கள் எதிரே. இரண்டையும் சங்கிலியால் கோத்து, நடுவில் ஆல்பமார்லைச் சிக்க வைப்பது ஃப்ளஸ்ஸர் என்ற தளபதியின் திட்டம். குக் கரையை ஒட்டிப் போய், சட்டென்று திரும்பி, சவுத்ஃபீல்டின் விலாவில் இடித்தார். இடித்தது சரி, கொம்பு உள்ளே மாட்டிக்கொண்டது. மூழ்குகிற கப்பல் ஆல்பமார்லின் மூக்கையும் சேர்த்துக் கீழே இழுக்க, பீரங்கி வாசல் வழியாகத் தண்ணீர் உள்ளே வர ஆரம்பித்துவிட்டது. சவுத்ஃபீல்ட் ஆற்றின் அடியைத் தொட்டுப் புரண்ட பிறகுதான் கொம்பு விடுபட்டது. ஆழமான ஆறாக இருந்திருந்தால் இரண்டும் சேர்ந்தே போயிருக்கும். மயாமியில் இருந்த ஃப்ளஸ்ஸர் தானே ஒரு குண்டைச் சுட்டார், அது கவசத்தில் பட்டு எகிறித் திரும்பி வந்து வெடித்து அவரையே கொன்றது. மயாமி பின்வாங்கியது. ஆற்றுப் பக்கம் பாதுகாப்பு போனதும், மறுநாள் ஜெனரல் ஹோக் தலைமையில் தெற்குப் படை ஊரைப் பிடித்தது.

குறுக்குசால்
எல்லாரும் தகடு, துளை, பத்து அடி என்று சிலாகித்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்தச் சோளக்காட்டில் வேலை செய்தவர்களை விட்டுவிட்டீர்களே. ஸ்மித்தின் தோட்டம் அடிமைகளை வைத்து நடந்த தோட்டம். மரம் வெட்டியதும் சுமந்ததும் யார் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? அப்புறம் ‘பிளிமத்தைத் திரும்பப் பிடிக்க உதவியது’ என்று பலகை ஏதோ நல்ல செய்தி மாதிரி முடித்துக்கொள்கிறது. ஊர் விழுந்ததும் அங்கே இருந்த கறுப்பினத்தவர்களுக்கு என்ன ஆனது? வடக்குப் படையில் சேர்ந்திருந்தவர்கள், தோட்டங்களிலிருந்து தப்பி வந்து அங்கே தஞ்சம் புகுந்திருந்த குடும்பங்கள், இவர்களில் பலர் சதுப்புக் காட்டுக்குள் ஓடினார்கள், துரத்திச் சுட்டார்கள். சரணடைந்தவர்களையும் கொன்றதாகச் சாட்சியங்கள் உண்டு. பிடிபட்ட வெள்ளைச் சிப்பாய்கள் இரண்டாயிரத்துக்கும் மேல், அவர்களில் பெரும்பாலானவர்களை ஆண்டர்சன்வில் சிறைமுகாமுக்கு அனுப்பினார்கள், அங்கே செத்தவர்கள் ஏராளம். இத்தனைக்கும் கதவைத் திறந்துவிட்டது உங்கள் பொறியியல் அதிசயம்தான். அடிமை முறையைக் காப்பாற்றக் கட்டிய கப்பலுக்குச் சாலையோரத்தில் மரியாதை எதற்கு?

நூலகத்துப்பூனை
குறுக்குசால், நீங்கள் சொன்ன சம்பவம் நடந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எத்தனை பேர் கொல்லப்பட்டார்கள் என்பதில்தான் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு. ஆனால் பலகையையும் சிலையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். வட கரோலினாவின் இந்தப் பலகைத் திட்டம் 1935இல் தொடங்கியது, முதல் பலகையை 1936 ஜனவரியில் ஸ்டோவல் என்ற ஊரில் நட்டார்கள், சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட ஜான் பென்னுக்காக. இன்று மாநிலம் முழுக்க 1,500க்கும் மேல் நிற்கின்றன. காரில் போகிறவர் வேகத்தைக் குறைத்துப் படிக்கிற அளவுக்குத்தான் எழுத்து, அதற்கு மேல் இடமில்லை. இடத்தைக் குறிப்பதுதான் அதன் வேலை. விவரம் வேண்டுமென்றால் ஒவ்வொரு பலகைக்கும் இணையத்தில் ஒரு கட்டுரை வைத்திருக்கிறார்கள்.

குறுக்குசால்
இடமில்லை என்பது வசதியான சமாதானம். ‘ஊரைப் பிடிக்க உதவியது’ என்று எழுத இடம் இருந்தது அல்லவா. அது இடத்தைக் குறிப்பது இல்லையே, அது பாராட்டு. பலகையைப் பிடுங்கச் சொல்லவில்லை. நாலு வார்த்தைக்கு இடம் இருந்தால் எந்த நாலு என்று யார் முடிவு பண்ணுகிறார்கள் என்பதுதான் என் கேள்வி. காரில் போகிறவன் வீட்டுக்குப் போய்க் கட்டுரை தேடிப் படிப்பான் என்று நம்புகிறீர்களா?

கேரி மீனா
நான் குறுக்குசால் பக்கம்தான், ஆனால் வேறொரு காரணத்துக்காக. பலகையைப் படித்தால் கப்பல் ஏதோ வீரத்தால் ஜெயித்த மாதிரி இருக்கிறது. ஜெயித்தது தண்ணீர். இதைப் புரிந்துகொள்ள ஆல்பமார்லை விட்டுவிட்டு அதன் கூடப் பிறந்த ‘நூஸ்’ கப்பலைப் பார்க்க வேண்டும்.

அதே போர்ட்டரின் வரைபடம், கிட்டத்தட்ட அதே அளவு, அதே புரூக் பீரங்கி இரண்டு, அதே மாநிலம். நூஸ் ஆற்றங்கரையில் வொயிட் ஹால் என்ற ஊரில் கட்டினார்கள், இன்றைக்கு அந்த ஊரின் பெயர் செவன் ஸ்பிரிங்ஸ். 1862 டிசம்பரில் வடக்குப் படை அந்தப் பக்கம் வந்தபோது எதிர்க்கரையிலிருந்து அதன்மேல் பீரங்கி சுட்டார்கள், ஒரு சிப்பாய் குளிரில் ஆற்றை நீந்திக் கடந்து தீ வைக்கவும் பார்த்தார், முடியவில்லை. பிறகு கின்ஸ்டனுக்குக் கொண்டுவந்து எஞ்சினும் கவசமும் பொருத்தினார்கள். தகடு வந்து சேரவே மாதக்கணக்கில் இழுத்தது.

ஆல்பமார்ல் ஜெயித்த அதே 1864 ஏப்ரல் கடைசியில் நூஸும் கிளம்பியது. நியூ பெர்னைப் பிடிக்கப் போகிறோம் என்று ஏகப்பட்ட எதிர்பார்ப்பு. கிளம்பி அரை மைல்கூடப் போயிருக்காது, மணல்திட்டில் மூக்கு ஏறிவிட்டது. தண்ணீர் இறங்கிக்கொண்டே போனது, கப்பல் சுமார் ஒரு மாதம் அங்கேயே கிடந்தது. அது மறுபடி மிதப்பதற்குள் ஹோக்கின் படையை வர்ஜீனியாவுக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். கரையில் காலாட்படை இல்லாமல் ஆற்றில் கப்பல் மட்டும் போய் என்ன செய்யும்? கின்ஸ்டனிலேயே கட்டிப் போட்டார்கள். 1865 மார்ச்சில் வடக்குப் படை நெருங்கியதும் மாலுமிகளே தீ வைத்து மூழ்கடித்துவிட்டார்கள்.

ரோனோக்கில் ஒரு அடி தண்ணீர் அதிகம், நூஸில் கொஞ்சம் குறைவு. வித்தியாசம் அவ்வளவுதான். எலியட் கழியை விட்டுப் பார்த்த இரவில் 6 அடி தண்ணீர் மட்டும் இருந்திருந்தால் இன்றைக்கு 258இல் பலகையும் இருந்திருக்காது, நாம் இங்கே சண்டையும் போட்டிருக்க மாட்டோம்.

கொதிகலன்
மீனா சொல்வது நூற்றுக்கு நூறு. கப்பல்காரர்களுக்கு இது புதிதும் இல்லை. கடலுக்குக் கட்டுவதும் ஆற்றுக்குக் கட்டுவதும் வேறு வேறு தொழில், இவர்கள் கடற்கப்பலின் கனத்தை ஆற்றின் ஆழத்தில் மிதக்க வைக்கப் பார்த்தார்கள், ஒன்பது அடி என்பது ரோனோக்குக்கே அதிகம்.

மே 5 சண்டையையும் சொல்லிவிடுகிறேன், எஞ்சின் அறைக்காரர்களுக்கு அது முக்கியம். ஆற்றைவிட்டு ஆல்பமார்ல் கடற்கழிக்குள் வந்தபோது மெலங்டன் ஸ்மித் தலைமையில் ஏழு வடக்குக் கப்பல்கள் சுற்றிக்கொண்டன. ‘ஸாஸகஸ்’ என்ற கப்பல் முழு வேகத்தில் வந்து ஆல்பமார்லின் விலாவில் ஏறியது. கவசம் தாங்கியது, ஆனால் தளம் சாய்ந்து தண்ணீர் ஏறியது. ஒட்டி நின்ற நேரத்தில் ஆல்பமார்ல் சுட்ட குண்டு ஸாஸகஸின் பாய்லரைத் துளைக்க, கொதிநீராவியில் உள்ளே இருந்தவர்கள் வெந்துபோனார்கள். எந்தக் கொடி பறந்தாலும் எஞ்சின் அறைக்குள் சாவு ஒன்றுதான், இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும்.

ஆல்பமார்லுக்குக் கவசம் பிழைத்தது, புகைப்போக்கி பிழைக்கவில்லை. சல்லடை மாதிரி துளை. புகைப்போக்கி என்பது புகையை வெளியே விட மட்டும் இல்லை, சூடான காற்று அதில் மேலேறும்போதுதான் அடுப்புக்குள் புதுக் காற்று இழுக்கும். வழியெல்லாம் ஓட்டை என்றால் இழுப்பு போச்சு, நெருப்பு மந்தம், நீராவி இறங்கும், கப்பல் நின்றுவிடும். என்ன செய்தார்கள் தெரியுமா? உள்தடுப்புப் பலகைகளை உடைத்துப் போட்டார்கள், அதுவும் போதாமல் சமையலறையிலிருந்த பன்றிக்கொழுப்பு, உப்புக்கண்டம், வெண்ணெய் எல்லாவற்றையும் அடுப்பில் அள்ளிப் போட்டு எரித்தார்கள். கொழுப்புக்கு எரிதிறன் அதிகம், காற்றிழுப்பு குறைவாக இருந்தாலும் சுர்ரென்று பிடிக்கும். அந்தச் சூட்டில்தான் பிளிமத் வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு பெரிய சண்டைக்கு வெளியே வரவே இல்லை.

ஓரங்கட்டி
அப்படியானால் அதை மூழ்கடித்தது யார்?

நூலகத்துப்பூனை
வில்லியம் குஷிங் என்ற வடக்குக் கடற்படை அதிகாரி, 22 வயது நிறைய ஒரு வாரம் பாக்கி. இவருடைய அண்ணன் அலோன்சோ அதே போரின் கெட்டிஸ்பர்க் சண்டையில் செத்தவர், அவருக்கு வீரப் பதக்கம் கொடுக்க 2014 வரை ஆனது, அது தனிக் கதை.

1864 அக்டோபர் 27 நள்ளிரவு தாண்டி, ஒரு சின்ன நீராவிப் படகில் நீளமான கழியின் முனையில் வெடிகுண்டைக் கட்டிக்கொண்டு ஆற்றில் ஏறினார். ஆல்பமார்லைச் சுற்றி மரக்கட்டைகளை மிதக்கவிட்டு வேலி போட்டிருந்தார்கள். அவை நாள்பட்டுத் தண்ணீரில் ஊறிப் பாசி பிடித்திருந்தன, அதனால் முழு வேகத்தில் மோதினால் படகு வழுக்கி ஏறிவிடும் என்று கணக்குப் போட்டார், அப்படியே ஏறியது. திரும்பி வர வழி இருக்காது என்பதும் தெரிந்துதான். கையில் கட்டியிருந்த கயிறுகளை ஒவ்வொன்றாக இழுத்துக் குண்டைக் கப்பலின் அடியில் செலுத்தி வெடிக்க வைத்தார், அதே நொடியில் ஆல்பமார்லின் பீரங்கியும் சுட்டது. கப்பல் இருந்த இடத்திலேயே ஆற்றின் அடியில் உட்கார்ந்துவிட்டது. குஷிங்கோடு போனவர்களில் ஒருவரைத் தவிர மற்றவர்கள் பிடிபட்டார்கள் அல்லது மூழ்கினார்கள். குஷிங் நீந்தி, சதுப்பில் ஒளிந்து, எதிரியின் சின்னப் படகு ஒன்றைத் திருடி வடக்குக் கப்பலுக்குத் துடுப்பு போட்டுப் போய்ச் சேர்ந்தார். அக்டோபர் 31 அன்று பிளிமத் மறுபடி வடக்கின் கையில். 1874இல், 32 வயதிலேயே, வாஷிங்டனில் மனநல மருத்துவமனையில் இறந்தார்.

குறுக்குசால்
பூனையாரே, ஒன்றை விட்டுவிட்டீர்கள், வேண்டுமென்றே விட்டீர்களோ என்னவோ. குஷிங் சதுப்பில் கிடந்தபோது கப்பல் மூழ்கியதா இல்லையா என்றே அவருக்குத் தெரியாது. வழியில் பார்த்த ஒரு கறுப்பின மனிதருக்குப் பணம் கொடுத்து ஊருக்குள் அனுப்பினார், அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து மூழ்கிவிட்டது என்று சொன்னார். குஷிங்கே எழுதியிருக்கிற விஷயம். பிடிபட்டால் அந்த மனிதரின் கதி என்ன என்று யோசியுங்கள், அதுவும் ஏப்ரலில் அதே ஊரில் நடந்ததற்குப் பிறகு. குஷிங்கின் பெயரில் கடற்படை கப்பல்கள் விட்டது. இவர் பெயரைக் குஷிங் கேட்டு எழுதி வைக்கக்கூட இல்லை. நாலு வார்த்தைக்கு இடம் இருந்தால் எந்த நாலு என்று நான் கேட்டது இதைத்தான்.

நூலகத்துப்பூனை
வேண்டுமென்றே இல்லை, பதிவு நீண்டுவிட்டதே என்று வெட்டினேன். இந்த ஒரு விஷயத்தில் உங்களோடு சேர்ந்துகொள்கிறேன். புதுப் பலகைக்கு யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம், வரலாற்றுப் பேராசிரியர்கள் குழு பார்த்து முடிவு செய்கிறது. ஏப்ரல் 20 கொலைகளுக்குப் பிளிமத்தில் ஒரு தனிப் பலகை கேட்டு எழுதுவதானால் ஆதாரங்களைத் திரட்டித் தர நான் தயார். பழைய பலகையில் வரியை மாற்றச் சொல்லி மல்லுக்கட்டுவதைவிட இது நடக்கக்கூடிய காரியம்.

குறுக்குசால்
இரண்டையும் கேட்போம். வரைவு நான் எழுதுகிறேன், நீங்கள் திருத்துங்கள்.

ஓரங்கட்டி
கேட்டதற்குப் பத்து மடங்கு கிடைத்துவிட்டது, எல்லாருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று, இந்தக் கப்பல்களில் கண்ணால் பார்க்க ஏதாவது மிச்சம் இருக்கிறதா? பசங்களைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று யோசனை.

கேரி மீனா
ஆல்பமார்லை 1865இல் தூக்கி நார்ஃபோக்குக்கு இழுத்துப் போனார்கள், 1867இல் காயலான் கடைக்கு விற்றுவிட்டார்கள். புகைப்போக்கி தப்பித்து எலிசபெத் சிட்டி அருங்காட்சியகத்துக்கு வந்தது. பீரங்கி ஒன்று நார்ஃபோக் கடற்படைத் தளத்துக்குள் இருக்கிறது, நினைத்தபோது உள்ளே போக முடியாது. பிளிமத்தில் ஆற்றோரமாகச் சின்ன அளவில் ஒரு மாதிரிக் கப்பல் செய்து வைத்திருக்கிறார்கள், பசங்களுக்கு அது பிடிக்கும்.

ஆனால் ஒரே இடம்தான் போக முடியும் என்றால் கின்ஸ்டன் போங்கள். தோற்றுப்போன நூஸின் அடிப்பாகம்தான் முழுசாகக் கிடைத்தது. மரம் சேற்றுக்குள் புதைந்து கெடாமல் இருந்ததால் 1960களின் தொடக்கத்தில் உள்ளூர்க்காரர்கள் தோண்டி எடுத்துவிட்டார்கள். கூடவே குண்டுகள், கருவிகள், பாத்திரங்கள் என்று ஆயிரக்கணக்கில் சாமான். பல வருஷம் ஆற்றோரக் கொட்டகையில் வெயிலும் வெள்ளமும் பட்டுக் கிடந்தது, 1999 ஃப்ளாய்ட் புயலில் மறுபடி தண்ணீர் ஏறியது. இப்போது ஊருக்குள் கட்டடத்தில் வைத்திருக்கிறார்கள். இரண்டு தெரு தள்ளி முழு அளவு மாதிரியும் நிற்கிறது. எல்லா நாளும் திறந்திருக்காது, கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

குறுக்குசால்
சனிக்கிழமை போகிறீர்கள் என்றால் சொல்லுங்கள், நானும் வருகிறேன். பூனையாரும் வந்தால் வண்டியில் மூன்று மணி நேரம் சண்டை போடலாம்.

கொதிகலன்
பாய்லர் பாகங்கள் ஏதாவது காட்சியில் இருந்தால் படம் எடுத்து இங்கே போடுங்கள். முன்பக்கம், பின்பக்கம் இரண்டும் வேண்டும்.